மறு: ‘தீம்’ என்பதற்குக் கலைச்சொல் – ‘கோலம்’ என்கிறேன்

வணக்கம்.

கணினித் திரையின் நிறம், பொத்தான், படவுரு எல்லாவற்றையும் ஒருசேர மாற்றும் ‘தீம்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தளத்தின் பதிவிறக்கப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால் இனி சும்மா இருக்க முடியாது.

> ‘தீம்’ என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறதுதான். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். உருபு ஏறும்போதுதான் வம்பு. நம் பக்கத்தில் இப்போது இருக்கும் பொத்தான்: ‘இந்தத் தீமை நிறுவு’. அதற்குக் கீழே ‘தீமை நீக்கு’. இரண்டாவதாவது நல்ல காரியம்! இதைத் தவிர்க்க யாரோ ஓரிடத்தில் ‘தீம்-ஐ’ என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வேற்றுமை இல்லாமல் ஒரு மென்பொருளில் பத்து வரிகூட எழுத முடியாது. அது ஏறாத சொல் நமக்கு ஆகாது.

> கருப்பொருள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

கட்டுரைக்கும் கருத்தரங்குக்கும் சரி. அங்கே அது உள்ளே இருக்கும் சரக்கு. நாம் பேசுவதோ முழுக்க வெளியே தெரிவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்துவிட்டது என்பதற்காக நாமும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம். இன்னொன்று, புதிதாக லினக்ஸுக்கு வந்த ஒருவர் ‘கருப்பொருள் என்றால் கருப்பாக இருப்பது மட்டுமா, வெள்ளையில் கிடைக்காதா?’ என்று கேட்டார். சிரித்தேன், ஆனால் அவர் மேல் தப்பில்லை. ‘வெளிர் கருப்பொருள்’ என்று நாம் எழுதி வைத்தால் வேறு எப்படிப் படிப்பார்?

‘தோற்றம்’ என்பதை நான்தான் முன்பு ஆதரித்தேன். திரும்பப் பெறுகிறேன். அது அமைப்புகளில் ஒரு பக்கத்தின் பெயராக உட்கார்ந்துவிட்டது. ‘தோற்றத்தை மாற்றினேன், தோற்றம் மாறவில்லை’ என்று உதவி கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். அவர் கேடிஇ என்ற லினக்ஸ் திரைச்சூழலில் நிறத்தொகுப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். கீழே உள்ள பலகத்துக்கோ, தன் நிறத்தைத் தானே சுமந்து வரும் ஒரு பிளாஸ்மா ஸ்டைல் (பலகம் போன்றவற்றின் தோற்றத்துக்கான தனி அமைப்பு) போட்டிருந்தார். பலகம் அசையவில்லை. இது புரிய நான்கு மடல் ஆயிற்று. எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல எங்கள் இருவரிடமும் தனித்தனிச் சொல் இல்லை.

இதில் ஆங்கிலமும் தடுமாறித்தான் வந்திருக்கிறது. கேடிஇ-யின் திரையான பிளாஸ்மாவில் முன்பு ‘லுக் அண்ட் ஃபீல்’ என்று இருந்ததுதான் இப்போது ‘குளோபல் தீம்’. ‘டெஸ்க்டாப் தீம்’ என்று இருந்தது ‘பிளாஸ்மா ஸ்டைல்’ ஆனது. மொத்தத் தொகுதிக்கு ஒரு சொல், அதன் உறுப்புகளுக்கு வேறு சொற்கள் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நாம் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘கோலம்’.

மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம் என்கிறோம். உடை, அணி, நிறம், பூச்சு எல்லாம் ஒரு நோக்கத்துக்காக ஒன்றுசேர்ந்து நிற்கும் நிலை. ஆள் அதே ஆள்தான், கோலம்தான் வேறு. கணினிக்கும் இது அப்படியே பொருந்துகிறது. கோப்பு மேலாளர் அதே கோப்பு மேலாளர்தான், பொத்தானின் விளிம்பும் சாளரத்தின் தலைப்புப் பட்டையும் மட்டும் வேறு. உருபும் இழுபறி இல்லாமல் ஏறுகிறது: கோலத்தை, கோலத்தில், கோலங்கள். ‘%1 கோலத்தை நிறுவவா?’ என்ற வரியில், பெயருக்காக விட்ட %1 இருக்கும் இடத்தில் ‘பிரீஸ்’ என்ற கோலம் வந்தாலும் ‘ஆக்சிஜன்’ வந்தாலும் வாக்கியம் நொண்டாது.

கூட்டுச்சொல்லும் பிறக்கிறது. இருட்கோலம், ஒளிக்கோலம், படவுருக்கோலம் (படவுரு என்பது ஐகான்). எனக்கு மிகவும் பிடித்தது தாய்க்கோலம். படவுருத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விவரக்கோப்பு உண்டு. அதில் ‘இன்ஹெரிட்ஸ்’ என்ற வரியில் வேறொரு தொகுதியின் பெயர் இருக்கும். கேட்ட படவுரு இங்கே கிடைக்காவிட்டால் அங்கே தேடும், அங்கும் இல்லையென்றால் கடைசியில் ‘ஹைகலர்’ என்ற பொதுத் தொகுதிக்குப் போகும். அந்த வரியில் இருப்பதுதான் தாய்க்கோலம். நம் தளம் ஓடும் வேர்ட்பிரஸிலும் இதே உறவு உண்டு. அங்கே சேயையும் சேர்த்துக்கொண்டால் சேய்க்கோலம். ஒரு சொல் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது.

கோலம் அரைகுறையாக ஏறி, வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து தெரியும் நிலைக்குப் பெயர் தேடவே வேண்டாம். அலங்கோலம்.

இன்னொரு திரைச்சூழலான குனோம் பக்கம் இந்தச் சொல்லுக்கு வேலை குறைந்துவருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச்சில் வந்த குனோம் 42 முதல், லிப்அத்வைதா என்ற குனோம் நிரலகத்தில் எழுதிய செயலிகள் பயனர் போடும் ஜிடிகே (பொத்தான், சாளரம் வரையும் கருவித்தொகுதி) கோலத்தைக் கண்டுகொள்வதில்லை. இருளா ஒளியா என்பது போன்ற சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கின்றன. அத்வைதம் என்று பெயர் வைத்தபோதே நாம் சுதாரித்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு இடமில்லை என்று.

இனி மறுப்புகள். வாசற்கோலம் நினைவுக்கு வரும் என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ‘என்ன கோலம் இது!’ என்று ஏசவும் பயன்படும், அதுவும் இருக்கட்டும். தட்டச்சில் லகரம் பிறழ்ந்தால் ‘கோளம்’ உருண்டுவிடும், இதற்குப் பிழைதிருத்திகூட உதவாது. கனமான மறுப்பு ஒன்றுதான்: இலங்கைக் கணிதப் பாடநூல்களில் ‘எண் கோலங்கள்’ என்பது வேறு பொருளில், எண்கள் ஒழுங்காக அமையும் வரிசைக்கு நிலைத்துவிட்டது. அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘கோலம்’ முதலில் அதைத்தான் சொல்லும். அமைப்புகள் பக்கத்தில் இரண்டும் அருகருகே வர வாய்ப்பில்லை என்பதால் துணிகிறேன். அங்கிருந்து எழுதுபவர்கள் உறுத்துகிறது என்றால் கேட்டுக்கொள்வேன்.

‘திணை’ என்று ஒருவர் சொன்னதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. நிலம், பொழுது, பூ, பறவை எல்லாம் ஒன்றுக்கொன்று இசைந்து வருவது குளோபல் தீமேதான். ஆனால் பொத்தானில் ‘திணையை மாற்று’ என்று பார்ப்பவர் உயர்திணையா அஃறிணையா என்று யோசிப்பார். யாராவது அந்தப் பெயரில் ஐந்து கோலங்கள் செய்து வெளியிடுங்கள், முகப்பில் போடுகிறேன்.

ஸ்டைலுக்குப் ‘பாணி’ போதும். இசை இயக்கியின் ஸ்கின்னுக்குத் ‘தோல்’ ஏற்கெனவே இருக்கிறது, தொட வேண்டாம்.

இடிக்கும் ஒரே இடம் கர்சர், அதாவது திரையில் நகரும் அம்புக்குறி. நம் சொற்பட்டியலில் சுட்டி என்பது மவுஸ், அதனால் ‘சுட்டிக்கோலம்’ என்றால் மவுஸுக்கே சட்டை தைத்தது போல ஆகிறது. ‘நிலைகாட்டிக்கோலம்’ பொத்தானுக்குள் அடங்காது, போட்டுப் பார்த்தேன், பாதியில் மூன்று புள்ளி வந்துவிட்டது. இதற்கு யாரிடமாவது குட்டையாக ஒரு சொல் இருக்கிறதா?