குண்டு பிரித்து எடை போட உங்களுக்கெல்லாம் எப்போது நேரம் கிடைக்கிறது?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மூன்று வருடமாகப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடுகிறேன். பெரிய ஆள் எல்லாம் கிடையாது. மேட்ச்சில் 60 குண்டுக்கு 606, 608 புள்ளி என்று வந்து அங்கேயே நிற்கிறேன். வீட்டில் மனைவி (பள்ளிக்கூட வேலை), நான்கு வயது மகள், அம்மா.

எனக்குச் சுடுவதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் பாண்டி ரேஞ்சுக்குப் போய்விடுவேன். வீட்டில் உட்கார்ந்து குண்டு பிரிக்கத்தான் நேரம் இல்லை. ஒரு டப்பாவில் 500 குண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பாவாடை (குண்டின் விரிந்த பின்பக்கம்) நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் தராசில் வைத்து எடை பார்த்து, எடைவாரியாகத் தனித்தனியாக எடுத்து வைக்கிறேன். டப்பா மேல் 0.53 கிராம் என்று போட்டிருக்கிறது. என் தராசில் 0.524-லிருந்து 0.539 வரை வருகிறது. ஒரு குண்டுக்கு 12 வினாடி என்று வைத்தாலும் ஒரு டப்பாவுக்கு 100 நிமிடம் ஆகிறது. இரண்டு வாரத்தில் நான் முடித்தது 140 குண்டு.

மேசை அப்பாவுடையது. அவர் தையல்காரர், துணி வெட்டிய மேசை. 2011 தானே புயலில் கூரை ஓடு பறந்து இரவெல்லாம் மழையில் ஊறியதில் ஒரு பக்கப் பலகை உப்பிவிட்டது, அதனால் தராசு மட்டமாக நிற்காது. காலண்டர் தாளை எட்டாக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். அடுத்த தொல்லை ஃபேன். அது ஓடினால் தராசு 0.531, 0.528, 0.534 என்று ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் நெற்றி வியர்வை குண்டு மேல் சொட்டும். கடலூர்ப் புழுக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

A ஷிப்ட் என்றால் மதியம் 2 மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மகள் தூங்காமல் காத்திருப்பாள். B ஷிப்ட் முடிந்து வர இரவு பத்தரை ஆகிவிடும், கண் சொருகும். C ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்காவிட்டால் மறுநாள் பிளான்ட்டில் தூங்கி விழ வேண்டியதுதான். நடுவில் கேஸ் சிலிண்டர், ரேஷன், கல்யாணம், காதுகுத்து.

உங்களில் யாராவது இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் மாநிலப் போட்டி.

லாஸ்பேட்டை வாத்தியார் எழுதியது:

தம்பி, நேரம் கிடைப்பது இருக்கட்டும், முதலில் ஒரு கணக்கு பார்ப்போம். பத்து மீட்டரில் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய 0.058 வினாடி ஆகிறது. அதற்குள் அது கீழே இறங்கும் தூரம் 16, 17 மில்லிமீட்டர். குண்டின் எடை ஒரு சதவீதம், அதாவது 5 மில்லிகிராம் கூடினால் வேகம் சுமார் அரை சதவீதம் குறையும். இறக்கம் ஒரு சதவீதம் கூடும். ஆக 0.17 மில்லிமீட்டர். நம் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், அப்படியானால் 0.1 புள்ளி என்பது 0.25 மில்லிமீட்டர். நீங்கள் ஃபேனை நிறுத்தி வியர்வை வடித்துச் சம்பாதிப்பது 0.1 புள்ளிகூட இல்லை. உங்கள் குண்டுகளில் உள்ள முழு வித்தியாசத்தை எடுத்தாலும், அதாவது மிக லேசான குண்டுக்கும் மிக கனமான குண்டுக்கும் நடுவில், அரை மில்லிமீட்டர்தான்.

எடையைவிடக் குண்டின் தலை அளவு முக்கியம். 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று டப்பா மேல் போட்டிருக்கும். உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று ரைஃபிளை வைஸில் இறுக்கி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதே அளவு, அதே தயாரிப்பு எண் உள்ள டப்பாக்களாக ஒரு வருடத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. மீதி நேரத்தில் குண்டு போடாமல் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி, நின்று, குறிபார்த்து, விசை இழுத்துப் பழகுங்கள். தினமும் 20 நிமிடம் போதும். 608 அப்படித்தான் 615 ஆகும்.

கடலூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். இளவேனில் வாலறிவன் பிறந்தது உங்கள் ஊரில்தான். வளர்ந்தது குஜராத்தில், ஆனாலும் உங்கள் ஊர்க்கணக்கில்தான் வரும். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் இதே பத்து மீட்டரில் தங்கம் வாங்கினார். அதெல்லாம் நின்று பழகிப் பழகி வாங்கியது.

குருசுக்குப்பம் பெரியவர் எழுதியது:

வாத்தியார் கணக்கு சரி. ஆனால் தம்பி கேட்டது நேரத்தைப் பற்றி. எனக்கு அதில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நான் பாண்டிச்சேரி சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீட்டுப் பிள்ளை. தாத்தா இந்தோசீனா போய் வந்தவர். நானும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி, துலூஸ் பக்கம் ரொம்ப வருடம் இருந்துவிட்டு இப்போது கடல் பார்க்க ஊரோடு வந்துவிட்டேன். அங்கே கிளப்பில் .308 ரைஃபிள் (மருந்துத் தோட்டா போட்டுச் சுடுவது) சுட்டேன். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகாது. அதனால் கராஜில் மேசை போட்டு, சுட்ட காலிக் கூடுகளில் நானே மறுபடி மருந்து நிரப்புவேன். அங்கே சுடும் உரிமம் உள்ளவனுக்கு அது அனுமதி. காலையில் வேலை, சாயங்காலம் பிள்ளைகளின் பாடம், சனிக்கிழமை மார்க்கெட். உங்கள் கதைதான், குளிர் மட்டும் கூடுதல்.

முதல் வருடம் ஒரே மூச்சில் 100 தோட்டா செய்ய உட்காருவேன். ராத்திரி ஒரு மணி ஆகும், மனைவி முகம் திருப்பிக்கொள்வாள். அப்புறம்தான் புத்தி வந்து வேலையைத் துண்டு போட்டேன். ஒரு நாள் பழைய ப்ரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) தட்டி எடுத்துக் கூடுகளைக் கழுவிப் போடுவது, அவ்வளவுதான். இன்னொரு நாள் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீளம் மிஞ்சினால் சீவுவது. புது ப்ரைமர் வைக்கக் கையில் பிடிக்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு, கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டே 50 கூடு முடித்துவிடலாம். இதெல்லாம் பாதியில் யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு எழுந்து போகிற வேலை. பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம்.

மருந்து ஊற்றுவது மட்டும் அப்படி அல்ல. அது சனிக்கிழமை விடியற்காலை, கதவு சாத்தி, ரேடியோ நிறுத்தி. 50 கூடும் கட்டையில் வரிசையாக நிற்கும். ஊற்றி முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். ஒன்றில் இரண்டு தரம் விழுந்திருந்தால் துப்பாக்கி முகத்தருகில் வெடிக்கலாம். ஒன்றில் விழாமலே போயிருந்தால் ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். நடுவில் அழைப்பு மணி அடித்தால் கணக்கெல்லாம் கிடையாது, எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து. ஒருமுறை தபால்காரர் வந்து, 41 கூட்டுக்கு ஊற்றியதைக் கொட்டினேன்.

உங்கள் குண்டில் அந்த ஆபத்து எதுவும் இல்லை. அப்புறம் ஏன் 100 நிமிடம் சேர்ந்தாற்போல் வேண்டும் என்கிறீர்கள்? கண்ணால் பார்த்து நசுங்கினதை எடுப்பது ஒரு வேலை, எடை பார்ப்பது வேறு வேலை. பிரியுங்கள். ஃபேனுக்கு வழி: பழைய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கை நுழைகிற அளவு வெட்டித் தராசை உள்ளே வையுங்கள். ஃபேன் பாட்டுக்கு ஓடட்டும்.

துரை_சிதம்பரம் ரோடு எழுதியது:

ஐயா, மருந்து நிரப்புவதை யூடியூப்பில் பார்த்திருக்கிறேன், பார்க்கவே அருமையாக இருக்கும். அந்த அழுத்துகிற மிஷினை வரவழைத்து இங்கேயே செய்ய முடியுமா? எங்கள் பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது.

குருசுக்குப்பம் பெரியவர் எழுதியது:

வேண்டாம் தம்பி. 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம் அதற்குச் செல்லாது. என் மிஷினையெல்லாம் துலூஸில் கிளப் நண்பருக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இங்கே எனக்கு வேலை காலையில் கடற்கரையில் நடப்பதும், பேரப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதும்தான்.

கெடிலக்கரை எழுதியது:

வாத்தியார் சாருக்கும் பெரியவருக்கும் நன்றி. பிளாஸ்டிக் டப்பா யோசனை அன்றைக்கே செய்துவிட்டேன். மகளுடைய பழைய பொம்மை டப்பா. ஃபேன் இரண்டில் ஓடினாலும் தராசு ஆடவில்லை!

இன்னொன்றும் நடந்தது. நசுங்கின குண்டு பொறுக்குகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். "இதென்னடா பெரிய வேலை, அரிசியில் கல் பொறுக்கவில்லையா நான்" என்று சொல்லிவிட்டு, முறத்தில் ஒரு டப்பாவைக் கொட்டி, சீரியல் பார்த்துக்கொண்டே பத்துப் பத்தாகத் தள்ளுகிறார். நான் விட்டதையும் பிடிக்கிறார். 500-இல் 11 எடுத்தார். அதில் மூன்றை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

லாஸ்பேட்டை வாத்தியார் எழுதியது:

முறமா? உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது ஈயம். அரிசி புடைக்கிற முறத்தில் ஈயத் தூள் படிந்தால் நேரே சோற்றுக்குத்தான் போகும். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை வேறு. குழந்தைகளுக்கு ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்த முறத்தை இனி சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். தனியாக ஒரு தட்டு, அதில் பேர் எழுதி, மேசை அறையிலேயே வையுங்கள். அம்மாவும் நீங்களும் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நடுவில் முறுக்கு கடிப்பது கூடாது. மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூள் பறக்கும்.

உப்புக்காற்றும் கவனம். டப்பாவைத் திறந்து வைத்தால் நம் ஊரில் குண்டு மேல் வெள்ளையாக மாவு பூத்துவிடும். அந்தக் குண்டைச் சுடாதீர்கள், கையில் தேய்த்தும் பார்க்காதீர்கள்.

கெடிலக்கரை எழுதியது:

உண்மையிலேயே எனக்கு இது தோன்றவில்லை சார். பிளான்ட்டில் கையுறை, மாஸ்க் என்று நாள் முழுக்க அடுத்தவனுக்குச் சொல்கிற ஆள் நான். முறம் இப்போது மேசைக்கு அடியில் "குண்டு" என்று மார்க்கரால் எழுதிக் கிடக்கிறது. புது முறம் வாங்கித் தந்தேன், அம்மாவுக்கு இன்னும் கோபம், பழைய முறம் அவருடைய அம்மா வீட்டுச் சீராம். டப்பாக்களுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி சுற்றி டேப் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வைஸில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். 4.49-ம் 4.50-ம். 4.50 துளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாக விழுந்தது, 4.49-இல் இரண்டு மூன்று விலகின. எடை பார்த்த 4.50 பத்தையும், பார்க்காத 4.50 பத்தையும் சுட்டு அட்டைகளைப் பின்னால் எண் எழுதி ரேஞ்சில் ஒரு பையனிடம் கலைத்துக் காட்டச் சொன்னேன். எது எதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆக எடை பார்ப்பதை விட்டுவிட்டேன். B ஷிப்ட் வாரத்தில் காலை ஏழிலிருந்து ஏழேகால் வரை, மனைவி மகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற நேரத்தில், வராந்தாச் சுவரில் புள்ளி ஒட்டி வெறும் விசை இழுக்கிறேன். "அப்பா டிஷ்யூன் பண்ணவே இல்லை" என்று மகள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். முன்னே எடை பார்த்ததில் 0.531 வந்த 73 குண்டைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மாநிலப் போட்டிக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். அதை மட்டும் மற்றதோடு கொட்ட மனசு வரவில்லை.

குருசுக்குப்பம் பெரியவர் எழுதியது:

தாராளமாக எடுத்துப் போங்கள். என்னிடமும் 20 தோட்டா அப்படித்தான் இருந்தது. கடைசி வரை சுடவே இல்லை.