சிங்கப்பூர் பி.ஆர். (நிரந்தரவாசம்): தம்பியின் பிறப்புச் சான்றை ஊரில் எங்கே எடுப்பது?

மன்னார்குடி அக்கா:
தம்பி சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (உயர்நிலை வேலைக்கான அனுமதி) இருக்கிறான். மனைவி, 12 வயசுப் பையனும் அங்கேதான். குடும்பமாக பி.ஆர். போடப்போகிறார்கள். பிறப்புச் சான்றை என்னை எடுக்கச் சொல்கிறான். 1987-இல் வலங்கைமான் பக்கம் அம்மாவின் ஊரில், வீட்டிலேயே பிறந்தவன். மன்னார்குடி நகராட்சியில் தேடியாயிற்று, இல்லை. பள்ளிச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் ஜூன் 1. அம்மா ஆவணி என்கிறார். அப்பா அம்மாவையும் இதிலேயே சேர்க்கலாமா?

குடமுருட்டிக் கரை:
மன்னார்குடியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? குடியிருக்கும் ஊர் கணக்கில்லை, பிறந்த ஊர்தான் கணக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன குடும்பங்களில் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கிராமத்துப் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும், வலங்கைமானில் கேளுங்கள். தம்பி பெயரைச் சொல்லித் தேடச் சொல்லாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே 'ஆண் குழந்தை' என்று பதிந்திருப்பார்கள். கிராமம், அப்பா அம்மா பெயர், ஆவணியை ஒட்டி ஆகஸ்ட், செப்டம்பர் எனக் கொடுங்கள். பெயர் இல்லாமல் கிடைத்தால், பெயர் சேர்ப்பு மனு இப்போது வாங்குகிறார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சான்றில் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று வந்தால் பதற வேண்டாம். வலங்கைமான் திருவாரூர் மாவட்டத்துக்கு வந்ததே 1997-இல்தான். அப்பா பெயரோடு சாதிப்பட்டம் ஒட்டியிருக்கும், ஆதாரில் இருக்காது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) ஒன்று போடுங்கள்.

பதிவே இல்லை என்றால் முதலில் 'பதிவில்லாச் சான்று', அதை வைத்து அந்த ஊருக்குரிய கோட்டாட்சியரிடம் மனு. உத்தரவு வந்தபின் பதிவு. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், இன்றே தொடங்குங்கள்.

மன்னார்குடி அக்கா:
ஜூன் 1-க்கே புதுசாகப் பதிவு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறாரே?

குடமுருட்டிக் கரை:
அவர் பக்கமே போகாதீர்கள். பதிவேட்டில் ஆகஸ்ட் இருக்கும்போது ஜூனுக்கு இன்னொரு பதிவு என்றால் அது பொய் ஆவணம். சிங்கப்பூர் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம், பி.ஆர். கிடைத்த பிறகும் பறிபோகலாம். பாஸ்போர்ட் தேதியையே படிவத்தில் போட்டு, உண்மைச் சான்றையும், தேதி ஏன் வேறுபடுகிறது என்ற அஃபிடவிட்டையும் சேர்த்து ஏற்றட்டும். வாத்தியார் போட்ட ஜூன் 1 நம் பக்கம் ஊருக்கு நாலு பேருக்கு உண்டு.

தேக்கா வாசி:
அங்கத்திய பக்கம்: விண்ணப்பம் ஐ.சி.ஏ. (சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையம்) தளத்தில், சிங்பாஸ் என்ற அரசு லாகின் வழியாக. மனைவியும், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளையும் அதே விண்ணப்பத்தில் வரலாம். அப்பா அம்மா வர முடியாது, அது குடிமக்களின் பெற்றோருக்குத்தான். கடைசி 6 மாதச் சம்பளச் சீட்டு, கம்பெனி நிரப்பித் தரும் 'அனெக்ஸ் ஏ', திருமணச் சான்று, படிப்புச் சான்றுகள் வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் தாளுக்கு நோட்டரி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலமும் சேர்ந்த சான்று ஊரிலேயே கிடைத்தால் அந்த வேலை மிச்சம்.

பையன் விஷயத்தை உட்கார்ந்து பேசிவிட்டுப் போடச் சொல்லுங்கள். தம்பிக்கு தேசிய சேவை (ராணுவம், போலீஸ் போன்றவற்றில் கட்டாயப் பணி) கிடையாது, பெற்றோர் வழியாக பி.ஆர். ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பிறகு 2 ஆண்டு முழுநேர சேவை. சேவை செய்யாமல் பி.ஆரைத் திருப்பிக் கொடுத்தால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலைக்கோ அவன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

கொரடாச்சேரி குமார்:
மச்சான் ஷிப்யார்டில் ஒர்க் பெர்மிட். அவரும் போடலாமா?

தேக்கா வாசி:
முடியாது தம்பி. வேலை வழியாகப் போட எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் (இடைநிலை வேலைக்கான அனுமதி) போன்றவை வேண்டும். பணம் கட்டினால் ஆகும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

அக்கா, முடிவு வர ஆறு மாதம் வரை ஆகும், கூடவும் ஆகலாம். நிராகரித்தால் காரணம் சொல்லமாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. ஒப்புதல் வந்தால் அசல்களைக் காட்ட வேண்டும், அதனால் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு அசலை பீரோவில் வைத்துவிடாதீர்கள்.