கறுப்பு ஃபிட்டுக்கு பொலிஷ் மெஷின்: 40,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

கறுப்பு_ஃபிட் (வெள்ளவத்தை):
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2014 ஹோண்டா ஃபிட், கறுப்பு. வெயிலில் நிறுத்தினால் பொனட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. கூரையில் தண்ணீர்ப் பொட்டுகள் வேறு. எங்கள் அடுக்குமாடியில் கார் கழுவக் கிடைப்பது குழாய்க் கிணற்றுத் தண்ணீர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து காரை மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள்தான், ஆனால் வரியோடு விலையைக் கேட்டபின் இருப்பதையே வடிவாக வைத்திருப்போம் என்று முடிவாகிவிட்டது.

வருடா வருடம் கட் அண்ட் பொலிஷுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மெஷினை வாங்கி நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். மெஷின், அதில் மாட்டும் ஸ்பொன்ஜ் பேட், கீறலைத் தேய்த்தெடுக்கும் கொம்பவுண்ட் எல்லாம் சேர்த்து 40,000க்கு மேல் போக விருப்பமில்லை. பழைய சோனகத் தெருவில் விசாரித்தேன். பொலிஷர் என்றதும் பேட் ஒட்டும் 180 மி.மீ. தட்டோடு 1400 வாட் ரோட்டரியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஒருவர் ட்ரில்லில் மாட்டும் ஸ்பொன்ஜ் செட்டே போதும் என்றார். கனடாவில் இருக்கும் மச்சான் ஆகஸ்டில் வருகிறார். நல்லதாக ஒன்று வாங்கி வரவா என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

சனி_ஞாயிறு_பொலிஷ் (தெஹிவளை):
ட்ரில்லை முதலில் மறந்துவிடுங்கள். அதன் பெயாரிங் நேராகத் துளைப்பதற்குச் செய்தது. பக்கவாட்டில் அழுத்தி நீண்ட நேரம் ஓட்டினால் பிட்டைப் பிடிக்கும் சக் ஆடத் தொடங்கும். பிடிக்கவும் வசதியில்லை, பேட் சரிந்து ஓரத்தால் மட்டும் தேய்க்கும். மங்கிய ஹெட்லைட்டுக்கு அந்தச் சின்ன ஸ்பொன்ஜ் உதவும், அவ்வளவுதான். கிரைண்டரில் பேட் மாட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சாதாரண நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பொலிஷ் செய்யும் ரோட்டரியோ 600இலிருந்து 3,000 வரைதான்.

உங்களுக்கு வேண்டியது டி.ஏ., அதாவது டூயல் அக்‌ஷன். ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் ஏறும். டி.ஏ.யில் பேட் சுற்றிக்கொண்டே சிறு வட்டமாக ஆடும். கூடுதலாக அழுத்தினால், அல்லது சரித்துப் பிடித்தால், சுற்றுவதை நிறுத்திவிட்டு அதிர மட்டும் செய்யும். புதிதாகப் பழகுபவரின் பெயின்டைக் காப்பாற்றுவது இந்தக் குணம்தான். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது கோடு ஒரே இடத்தில் நின்று தெரிந்தால் பேட் சுற்றவில்லை, கையை இளக்குங்கள்.

பெட்டியில் 8, 15, 21 மி.மீ. என்று இருப்பது அந்த ஆட்டத்தின் அகலம். 21 பெரிய தட்டையான பொனட்டில் கெதியாக வேலை செய்யும், ஆனால் வளைவில் அடிக்கடி நின்றுபோகும். ஃபிட்டின் உடம்புக்கு 8 முதல் 15 வரை போதும். தட்டு 5 அங்குலம், பேட் ஐந்தரை. மலிவாக 10 அங்குலத் தட்டும் துணி உறையுமாக ஒன்று கண்ணில் படும், 120 வாட் அளவில். அது மெழுகு பூச மட்டும்தான், கீறல் போகாது.

ரோட்டரி_ரசிகன் (மருதானை):
ரோட்டரிக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ்களில் அதுதானே ஓடுகிறது? விலையும் குறைவு, டி.ஏ. அரை நாள் எடுக்கும் வேலையைச் சட்டென்று முடித்துவிடும்.

பெயின்ட்_பாஸ் (கொட்டாஞ்சேனை):
நானும் ரோட்டரிதான் பாவிக்கிறேன். என் கையில் பிழைத்தால் அந்தப் பனலுக்கு நானே பெயின்ட் அடித்துக்கொள்வேன். இந்தத் தம்பி என்ன செய்வார்?

கம்பனிப் பெயின்ட் எல்லாப் படையும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரோன் அளவு. அதில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர், அதாவது நிறமில்லாத காப்புப் படை, 40, 50. ஒரு ஏ4 தாளின் தடிப்பே கிட்டத்தட்ட 100 மைக்ரோன், அதில் பாதியை வைத்துக்கொண்டுதான் இந்த விளையாட்டெல்லாம். பொனட் மடிப்பிலும் கதவு விளிம்பிலும் இன்னும் மெல்லிசு. அங்கே ரோட்டரியைக் கொஞ்சம் தங்கவிட்டாலும் கிளியர் போய்விடும், பிறகு எந்தப் பொலிஷாலும் அது திரும்பாது. அதோடு, கறுப்பில் ரோட்டரி விட்டுப்போகும் நிழல் கோடுகளை எடுக்கக் கடைசியில் ஒரு டி.ஏ. தேவைப்படத்தான் போகிறது. ஒரே மெஷின் வாங்குவதென்றால் டி.ஏ.யையே வாங்குங்கள் தம்பி.

ஹோண்டா கறுப்பு இளகிய பெயின்ட். கெதியாகக் கீறும், கெதியாக மினுங்கியும் விடும். எடுத்த எடுப்பில் கொம்பவுண்டுக்குப் போகாமல், மென்மையான பேடில் மெல்லிய பொலிஷ் வைத்து ஓரடிச் சதுரத்தில் பாருங்கள். அதில் வராவிட்டால்தான் அடுத்தது. நகம் தட்டுப்படும் கீறல்களை விட்டுவிடுங்கள், அவற்றைத் துரத்தினால் கிளியர் முடிந்துவிடும்.

இன்னொன்று, எந்தப் பனலாவது திரும்பப் பெயின்ட் அடித்ததா என்று முதலில் பாருங்கள். காரை நன்றாகக் கழுவி, கிளே (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, வெள்ளைத் துணியில் துளி பொலிஷ் எடுத்து ஒவ்வொரு பனலிலும் கையால் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அங்கே கிளியர் இல்லை. கழுவாமல் செய்தால் அழுக்கும் கறுப்பாகத்தான் வரும், ஏமாந்துபோவீர்கள்.

வயரிங்_கொழும்பு6:
மச்சானிடம் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. நேரே செருகினால் மோட்டார் எரியும். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டலாம், ஆனால் 900 வாட் மெஷினுக்கு 1500 வாட்டாவது வேண்டும். அது தூக்கவே பாரம், அந்தக் காசை இங்கேயே நல்ல மெஷினில் போடலாம். மின்சாரம் இங்கே 50, அங்கே 60 ஹேர்ட்ஸ் என்பது இந்தக் காபன் பிரஷ் மோட்டாருக்குப் பெரிய விஷயமில்லை, பிரச்சினை வோல்ட்தான்.

லண்டனிலிருந்து யாராவது வந்தால் கதை வேறு. அங்கேயும் 230, சதுர ப்ளக்கும் ஒன்றே. கட்டட வேலைக்கென்று 110 வோல்ட் மெஷின்களும் அங்கே உண்டு, மஞ்சள் வட்ட ப்ளக் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டும் எடுத்துவரச் சொல்லாதீர்கள்.

மச்சான் பேடும் மைக்ரோஃபைபர் துணியும் கொண்டுவரட்டும். அதற்கு வோல்ட் இல்லை!

கறுப்பு_ஃபிட் (வெள்ளவத்தை):
எல்லோருக்கும் நன்றி. தேடியதில் ஒரு டி.ஏ. கிடைத்திருக்கிறது: 15 மி.மீ., 5 அங்குலத் தட்டு, 220–240 வோல்ட், 26,000 ரூபாய். கேள்விப்படாத பிராண்ட், ஆறு மாத வொரண்டி. கடையில் எதைச் சோதிக்க வேண்டும்? பார்க்கிங்கில் ப்ளக் பொயின்ட் இல்லை, காவலாளி அறையிலிருந்து வயர் இழுக்க வேண்டும்.

சனி_ஞாயிறு_பொலிஷ் (தெஹிவளை):
பிராண்டை விட்டுத் தட்டைப் பாருங்கள். கடையிலேயே கழற்றித் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். டி.ஏ. தட்டுகளின் திருகு சிலவற்றில் எம்8 (8 மி.மீ.), சிலவற்றில் 5/16 அங்குலம். இரண்டும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாறிப் பூட்டினால் முதலில் இலேசாகப் போகும், பிறகு இறுகும், அப்புறம் புரி போய்விடும். மலிவு மெஷினில் முதலில் தேய்வது தட்டின் வெல்க்ரோதான், சூட்டில் கொக்கிகள் உருகிப் பேட் வழுகும். ஆகவே எந்தத் திருகு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுத் தட்டு வாங்கும்போது தேவைப்படும். 6 அங்குலத் தட்டைப் பிறகு போடலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் எதிர் எடை 5க்கு அமைத்தது, மாற்றினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும்.

வேக டயலை 1இல் வைத்து ஓட்டுங்கள், மெதுவாகத் தொடங்க வேண்டும். 6இல் வைக்கும்போது சத்தம் கூடலாம், கடகடக்கக் கூடாது. உபரி காபன் பிரஷ் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீதி 14,000ஐ மெஷினில் போடாமல் பேடில் போடுங்கள். ஒரு காருக்கு ஒரு பேட் என்று தொடங்குபவர்கள்தான் மெஷின் சரியில்லை என்று திட்டுகிறார்கள். பேட் கொம்பவுண்டில் ஊறி, சூடாகிக் கூழானபின் எந்த மெஷினும் வெட்டாது. வெட்டும் பேட் இரண்டு, மென்மையானது மூன்று, இரண்டு பனலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு பனலும் முடிந்ததும் பிரஷால் தட்டிக் காய்ந்த தூளை எடுத்துவிடுங்கள். பிறகு ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் தெளித்துத் துடைத்துப் பாருங்கள், பொலிஷின் எண்ணெய் கீறலை ஒளித்து வைத்திருக்கும்.

நீள வயரை முழுவதும் விரித்துப் போடுங்கள், சுருளாக விட்டு ஓட்டினால் சூடேறும். காலையில் பொனட் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். மதியம் கொம்பவுண்ட் தேய்க்க முன்பே காய்ந்துவிடும்.

கறுப்பு_ஃபிட் (வெள்ளவத்தை):
மெஷினை எடுத்துவிட்டேன், எம்8 திருகு. பாஸ் அண்ணா சொன்ன துணிச் சோதனையும் செய்தேன், கழுவிக் கிளே போட்ட பிறகுதான். எல்லாப் பனலிலும் துணி சுத்தம், பின் இடது கதவில் மட்டும் நன்றாகக் கறுப்பு ஏறியது. இந்தக் காரை நான் வாங்கியது இரண்டாம் கையாக. அந்தக் கதவை மெஷினால் தொடலாமா?

பெயின்ட்_பாஸ் (கொட்டாஞ்சேனை):
தொடலாம் தம்பி. யாரோ கிளியர் இல்லாமல் கறுப்பை மட்டும் அடித்து மினுக்கியிருக்கிறார்கள், அங்கே தேய்வது நிறமேதான். மென்மையான பேட், மெல்லிய பொலிஷ், டயல் 3, ஒரு தடவை மட்டும். கைப்பிடியைச் சுற்றியும் விளிம்பிலும் கையால் செய்யுங்கள். அந்தக் கதவுக்குப் பாவித்த பேடை நன்றாகக் கழுவாமல் வேறு பனலில் வைக்க வேண்டாம். முடிந்ததும் அந்தக் கதவுக்கு மெழுகு கட்டாயம், மற்றப் பனல்களை விட அடிக்கடி. கிளியர் இல்லாத கறுப்பு வெயிலில் கெதியாக வெளிறும்.