புதுப்பிப்பு: ஒருவழியாக முதல் பல்!

11 மாதமாகியும் மகளுக்கு ஒரு பல்கூட முளைக்கவில்லையே என்று இரண்டு மாதத்துக்கு முன் புலம்பியிருந்தேன். நேற்றுக் காலை கஞ்சி ஊட்டும்போது கரண்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம். விரலை விட்டுப் பார்த்தால், கீழ் முரசின் (ஈறின்) நடுவில் அரிசிக் குறுணல்போல ஒரு வெள்ளை முனை!

பல் மருத்துவர் சொன்னது: கீழ் நடுப்பற்கள் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் வரும், பிந்துவதும் உண்டு. 18 மாதமாகியும் ஒன்றும் இல்லையென்றால் கட்டாயம் காட்ட வேண்டுமாம். அடுத்து மேல் நடுப்பற்கள், பிறகு பக்கத்துப் பற்கள். அதன்பின் வேட்டைப்பல் (கூரான கோரைப்பல்) என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, முதல் கடைவாய்ப்பல் முந்திக்கொள்ளும். நடுவே விட்ட இடைவெளியில்தான் 16 முதல் 23 மாதத்துக்குள் வேட்டைப்பல் வரும். மூன்று வயதளவில் மொத்தம் 20.

கடும் காய்ச்சல் வந்தால் பல்லின்மேல் பழிபோடக் கூடாது என்றும் சொன்னார்.

முதல் பல் முளைத்ததைக் கொண்டாட அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டைக்கு அம்மம்மா மா வறுக்கத் தொடங்கிவிட்டார். கொழுக்கட்டையில் பல்லாகக் குத்துவதற்குத் தேங்காய்ச் சொட்டு நறுக்குவது என் வேலை.