பழைய டிராக்டருக்கு நாமே செய்த மும்முனை இணைப்பு: என் அனுபவம், உங்கள் அனுபவம்

என்னிடம் இருப்பது 1940களில் வந்த ஒரு பார்மால் எச். இஞ்சின் இன்றைக்கும் சுணங்காமல் ஓடுகிறது. பின்பக்கம்தான் குறை. டிராபார், அதாவது இழுவைக் கம்பி, மட்டும் உண்டு. எதையும் கட்டி இழுக்கலாம், தூக்க முடியாது. இப்போது கிடைக்கும் கலப்பை, கொத்து, லெவலர் எதுவானாலும் மூன்று பின் மாட்டும் வகைதான். அதனால் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இடத்தில் கருவியைப் பிடித்துத் தூக்கும் மும்முனை இணைப்பை நானே செய்வது என்று இறங்கினேன். இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை செய்தது என்னைப் பின்பக்கமாகக் குடைசாய்த்திருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் என் கவனம் முழுக்கத் தூக்குவதில்தான் இருந்தது. எந்த சிலிண்டர், எவ்வளவு எடை, தூக்கும் கையான லிப்ட் ஆர்ம் எவ்வளவு நீளம் என்று நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்கு. கலப்பையை இழுக்கும் கீழ்ப் பட்டைகளான இரண்டு லோயர் லிங்க்குகளையும் வண்டியில் எந்த இடத்தில் கோப்பது என்பதை ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆக்சிலுக்கு மேலே வாகாக போல்ட் ஓட்டைகள் இருந்தன, அங்கேயே மாட்டினேன். மேல் கம்பியான டாப் லிங்க்குக்கு என்ன பெரிய பாரம் வந்துவிடப் போகிறது என்று சீட்டுக்குக் கீழே ஓர் இரும்பு ஆங்கிளைப் பிடித்து அதில் பின் போட்டேன். லீவரைத் தள்ளியதும் கலப்பை அழகாக எழுந்தது. வேலை முடிந்தது என்றே நம்பினேன்.

வயலில் இறக்கி முதல் சாலில் பத்தடி போயிருப்பேன். முதுகுக்குப் பின்னால் இரும்பு மடங்கும் சத்தம். கொழு மூக்கைக் குத்திக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது. இஞ்சின் உறுமியது, பின் சக்கரங்கள் மண்ணைக் கவ்வி நின்றன, என் கண்ணுக்கு நேரே இருந்த ரேடியேட்டர் மூடி மேலே மேலே போனது. கால் தானாகக் கிளச்சை மிதித்ததால் பிழைத்தேன். முன் சக்கரம் தடாலென்று தரையில் விழுந்தது.

இறங்கிப் பார்த்தால் ஆங்கிள் முன்பக்கமாக மடங்கியிருந்தது. பின்பக்கமாக மடங்கியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கலப்பையைத் தூக்கும்போது அதன் எடை டாப் லிங்க்கைப் பின்னால் இழுக்கிறது. உழும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உழும்போது நடப்பது நேர்மாறு. கொழுவை மண் பின்னால் பிடிக்கிறது, லோயர் லிங்க் அதற்கு மேலிருந்து முன்னால் இழுக்கிறது. ஆகவே கலப்பையின் தலை முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வைத் தாங்குவது டாப் லிங்க். அதாவது உழவு முழுக்க அது டிராக்டரை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. என் ஆங்கிளால் அதைத் தாங்க முடியவில்லை. தலை சாய்ந்தது, கொழு குத்தியது, பாரம் ஏறியது. இழுவையும் ஆக்சிலுக்கு மேலிருந்து என்பதால் முன்பக்கம் எழும்பிவிட்டது. இப்படி எழும்பும் வண்டி முழுதாகப் புரள ஒன்றரை நொடி போதும். பழைய வண்டிகளில் தலைக்கு மேல் காப்புச் சட்டமும் கிடையாது.

ஹாரி பெர்குசன் 1920களிலேயே பிடித்துக்கொண்ட விஷயம் இந்தத் தள்ளல்தான். தள்ளல் கூடினால் எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் தானாகவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், குறைந்தால் இறக்கும். 1939இல் வந்த போர்டு 9என், 1946இல் வரத் தொடங்கிய பெர்குசன் டிஇ20 இரண்டிலும் இதே ஏற்பாடு. முன் சக்கரம் தரையை விடாமல் இருக்கவும் அதே தள்ளல் உதவுகிறது. நாம் பட்டறையில் செய்வதில் தானியங்கி ஆழக் கட்டுப்பாடு வராது, பரவாயில்லை. தள்ளலைத் தாங்கும் இடம் மட்டும் கல் மாதிரி இருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை இரும்பை வெட்டும் முன் பட்டறைச் சுவரில் டிராக்டரின் பக்கவாட்டு உருவத்தை நிஜ அளவில் சாக்பீஸால் வரைந்தேன். லோயர் லிங்க் போகும் வழியில் ஒரு நூல், டாப் லிங்க் போகும் வழியில் ஒரு நூல். இரண்டையும் முன்னால் நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். கலப்பை அந்த இடத்திலிருந்து இழுக்கப்படுவது போலத்தான் நடந்துகொள்ளும். கலப்பை மண்ணில் இருக்கும் நிலையில் அந்தச் சந்திப்பு முன் ஆக்சில் பக்கம், தாழ்வாக அமைவது நல்லது. என் பழைய அளவுகளை வைத்து நூல் பிடித்தபோது இரண்டும் ஏறக்குறைய இணையாக ஓடின, சுவர் முடிந்தும் சந்திக்கவில்லை. அந்த நூலைப் பார்த்த பிறகுதான் என் தவறு என் கண்ணுக்கே தெரிந்தது. மேலிருந்து பார்க்கும்போதும் இரண்டு லோயர் லிங்க்குகளும் முன்னால் குவிய வேண்டும். அப்போதுதான் கலப்பை விலகினாலும் நடுவுக்கு வந்து சேரும்.

இப்போது டிராபார் மாட்டும் இடத்திலிருந்து இரண்டு கனத்த தகடுகளை இறக்கி, லோயர் லிங்க் முனைகளை ஆக்சில் மையத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன். டாப் லிங்க்குக்கு ஹவுசிங்கின், அதாவது பின் கியர்பெட்டிக் கூட்டின், பின்முகத்தில் தனித் தகடு. அளவெல்லாம் சிறிய டிராக்டர்களுக்கான பொது அளவான கேட்டகிரி 1: கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ., கருவியின் கீழ் முனைகளுக்கு நடுவே சுமார் 68 செ.மீ., அங்கிருந்து மேல் பின் 46 செ.மீ. உயரம். இந்த அளவை விட்டால் வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் மறுபடி வெல்டிங்தான். சரி, நீங்கள் செய்தபோது என்ன நடந்தது? எழுதுங்கள்.

* * *

அண்ணா, ஆங்கிள் முன்பக்கம் மடங்கியது என்று படித்ததும் எழுந்து போய் என் வண்டியைப் பார்த்தேன். என்னுடையதும் சீட் தாங்கியில்தான் இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன், மறுபடி சரியாகச் செய்யாமல் மாட்டப் போவதில்லை.

நான் பட்ட பாடு ஹைட்ராலிக்கில். பம்பை பி.டி.ஓ. தண்டில், அதாவது கருவிகளை ஓட்ட இஞ்சின் சக்தியை வெளியே தரும் தண்டில், மாட்டினேன். சுலபமான வழி. ஆனால் என் வண்டியில் கிளச்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். சால் முடிவில் வண்டியை நிறுத்திக் கலப்பையைத் தூக்க வேண்டிய நேரத்தில்தான் கிளச் மிதிப்போம், அதே நேரத்தில் பம்பும் நிற்கும். கலப்பை பாதியில் தொங்கும். கடைசியில் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டு பம்பை முன்பக்கம் மாற்றினேன். இஞ்சின் ஓடும்வரை லிப்டும் ஓடுகிறது.

சிலிண்டர் கணக்கில் நான் ஏமாந்த இடத்தையும் சொல்கிறேன். 50 மி.மீ. போர் (உள்விட்டம்), 100 பார் அழுத்தம் என்றால் சிலிண்டர் கிட்டத்தட்ட 2 டன் தள்ளும். இரண்டு டன் தூக்கும் என்று சந்தோஷப்பட்டேன். சிலிண்டர் லிப்ட் ஆர்மின் பாதி நீளத்தில் தள்ளுகிறது, ஆர்ம் முனையில் 1 டன்தான். ஆர்மிலிருந்து இறங்கும் கம்பி லோயர் லிங்க்கின் நடுவில் பிடிக்கிறது, கலப்பை மாட்டும் முனையில் மிஞ்சுவது அரை டன். உராய்வு போக இன்னும் குறையும். பாரம் போதவில்லை என்று அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். லிவர் நீளத்தை மாற்றுங்கள், இல்லை பெரிய சிலிண்டர் போடுங்கள்.

இன்னொன்று, முதலில் இரண்டு பக்கமும் தள்ளும் சிலிண்டரைச் சாதாரண வால்வோடு போட்டேன். இறக்கினால் கலப்பை விறைத்து நின்றது. மேட்டில் ஆழமாக வெட்டும், பள்ளத்தில் மண்ணைத் தொடாது. கீழே அழுத்தினால் பின் சக்கரத்தின் பிடிமானமே போகும். இணைப்பு தன் எடையில் இறங்கி, தரை சொல்வதைக் கேட்டு மேலும் கீழும் போக வேண்டும். மிதக்கும் நிலை உள்ள வால்வுக்கு மாற்றிய பிறகுதான் உழவு சீரானது.

ஹைட்ராலிக் ஹோஸ் குழாயில் எண்ணெய்ப் புகை மாதிரி தெரிந்தால் கையை வைத்துத் தடவாதீர்கள். நான் கையை நீட்டிவிட்டேன், பக்கத்தில் இருந்த மெக்கானிக் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஓர் அட்டையைக் காட்டினார், அட்டையில் கோடு விழுந்தது. அந்த எண்ணெய்ப் பீச்சல் தோலுக்குள் போனால் வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

* * *

இரண்டு பேருக்கும் வணக்கம். என்னுடையது இரும்பு ஒடிந்த கதை.

லோயர் லிங்க்குக்கு லாரியின் பழைய லீஃப் ஸ்பிரிங் பட்டையை எடுத்தேன். அதைவிட உறுதியான இரும்பு எது என்று நினைப்பு. முனையில் பின் நுழையும் குண்டுக் கண்ணை வெல்டிங் வைத்தேன். பற்று பார்க்க அத்தனை நேர்த்தி. மூன்றாம் நாள் ஒடிந்தது. பற்று விடவில்லை, பற்றுக்கு ஒட்டினாற்போல் பட்டைதான் கண்ணாடி மாதிரி முறிந்திருந்தது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக மின்னியது. ஸ்பிரிங் இரும்பு பற்றின் சூட்டில் வெந்து சட்டென்று ஆறும்போது அந்த ஓரம் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. இப்போது சாதாரண மைல்ட் ஸ்டீல் பட்டைதான், கனத்தைக் கூட்டிவிட்டேன். வளையும், ஆனால் வளைவது கண்ணுக்குத் தெரியும்.

அதே காரணத்துக்காக ஹவுசிங்கில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். அது வார்ப்பிரும்பு. நான் ஒரு சின்னத் தாங்கியைத்தான் பற்றவைத்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் கழித்து மண்ணைத் துடைத்தபோது ஈரக் கோடு ஒன்று முடி அளவு மெல்லிசாக ஓடியது, கியர் எண்ணெய். எழுபது எண்பது வருஷத்து வார்ப்பு. அதற்கு மாற்று எங்கே தேடுவது? எல்லாம் போல்ட்டில்தான் நிற்க வேண்டும். தகடுகளை வண்டியில் அளவு பார்த்துப் புள்ளிப் பற்று மட்டும் வையுங்கள், கழற்றிக் கீழே வைத்து முழுப் பற்று போடுங்கள். கழற்ற முடியாத இடம் என்றால் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப்பைப் பற்று வைக்கும் துண்டிலேயே கடிக்க வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் குழி விழும்.

அண்ணா, முன்பக்க எடை பார்த்தீர்களா? லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின் போட்டீர்களா? இரண்டையும் நீங்கள் எழுதவில்லை.

* * *

நல்ல கேள்வி, தம்பி. எடைமேடைக்குக் கொண்டுபோய் வந்தேன். கலப்பையைத் தூக்கி வைத்த நிலையில் மொத்தம் 1,900 கிலோ. முன் சக்கரத்தில் மட்டும் 330. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் இருக்க வேண்டும் என்பார்கள், 380 வேண்டும். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி திரும்பியதன் காரணம் இதுதான். நான் அதைச் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கில் 90 கிலோ தொங்கவிட்டு மறுபடி ஏற்றினேன், 430 காட்டியது.

செக் செயின் இன்னும் போடவில்லை. லிங்க் ஆடி டயரைத் தொட்ட தடம் உள்பக்கம் கருப்பாக விழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சங்கிலியும் அதை இறுக்கும் டர்ன்பக்கிளும் வாங்கி வைத்துவிட்டேன். சங்கிலியின் முன்முனையை லோயர் லிங்க் பின்னுக்கு நேர் வரிசையில் வைக்காவிட்டால் தூக்கும்போது இறுகும் என்று தோன்றுகிறது. அந்தப் போல்ட்டை ஏற்கெனவே இறக்கிய தகட்டிலேயே வைக்கலாமா, இல்லை தனித் தாங்கி வேண்டுமா? உங்கள் வண்டியில் எப்படி வைத்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.