மறு: 'மேட்ச் ஆன் ஆக்‌ஷன்' – தாவல் வெட்டா, அசைவொட்டா?

> ஐயா, மாயா டெரனின் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' படத்தில் வரும் காலடிக் காட்சியில் இடம் சட்டென்று மாறுகிறதே, அதைத் 'தாவல் வெட்டு' என்றே சொல்லிவிடலாமா?

வேண்டாம் என்பேன். 'மேட்ச் ஆன் ஆக்‌ஷன்' என்பது ஒரு ஷாட்டில் தொடங்கிய அசைவு அடுத்த ஷாட்டிலும் அறுபடாமல் தொடரும்படி இரண்டையும் இணைப்பது. 'தாவல் வெட்டு' என்ற பெயரை நம் திரைக் கலைச்சொல் பட்டியலில் ஜம்ப் கட்டுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஜம்ப் கட்டில் இடம் அப்படியே இருக்கும். நடுவில் கொஞ்சம் நேரம் காணாமல் போவதால் ஆள் துள்ளுவார். இங்கே நேர் எதிர்: இடம் மாறுகிறது, அசைவு அறுபடவில்லை.

1943இல் அமெரிக்கச் சோதனைப் பட இயக்குநர் டெரனும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹமிட்டும் லாஸ் ஏஞ்சலஸில் 16 மி.மீ. சுருளில் எடுத்த, 14 நிமிடம் ஓடும் படம் அது. கனவில் ஒருத்தியே பலராகப் பிரிகிறாள். அவர்களில் ஒருத்தி கத்தியோடு எழுந்து, தூங்கும் தன்னையே நோக்கி வருகிறாள். காலடிகள் கடற்கரை மணலிலும் புல்லிலும் நடைபாதையிலும் விழுந்து, வீட்டுக் கம்பளத்தில் வந்து முடிகின்றன. அறைக்குள் சில எட்டுத் தூரம்தான். தன்னிடமிருந்து தன்னிடம் வர அத்தனை நிலத்தைக் கடக்கிறாள். நடை ஒன்றாக இருப்பதால்தான் நடப்பவளும் ஒருத்தி என்று நம்புகிறோம். கலைச்சொல்லில் அந்த 'அசைவு' இருந்தே ஆகவேண்டும்.

> செய்முறையில் எங்கே சறுக்கும்?

ஒவ்வொரு இடத்திலும் கால் தூக்குவதிலிருந்து ஊன்றுவதுவரை முழு அடியையும் எடுங்கள்; முன்னும் பின்னும் ஓரடி மிகையாக இருக்கட்டும். கேமரா உயரம், லென்ஸ், சட்டகத்தில் பாதத்தின் அளவு, நடக்கும் திசை நான்கும் மாறக்கூடாது. கால் அந்தரத்தில் இருக்கும்போதே ஒட்டுங்கள். ஊன்றியபின் ஒட்டினால் அசைவு முடிந்துபோய், கண் புது இடத்தை ஆராயக் கிளம்பிவிடும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் அரை நொடி அடிக்கு 12 சட்டகம்தான். ஒட்டும் இடத்தில் அதில் இரண்டு மூன்று சட்டகம் இரட்டித்தாலே கால் தடுக்கியதுபோலத் தெரியும். மணலில் நடை தானாகவே மந்தமாகும், எண்ணிக்கைக்கு நடக்கவைப்பது நல்லது.

> 'ஒட்டு' என்றால் சுருளைப் பசைபோட்டு ஒட்டுவதாகாதா?

அதைச் 'சுருள் ஒட்டு' என்று பிரித்துவிடலாம். 'வெட்டு' என்றால் வாசகருக்குத் தணிக்கைதான் முதலில் நினைவுக்கு வரும். ஒட்டு மாங்கன்றில் இரண்டு மரத்துக்கும் ஒரே சாறு ஓடுவதுபோல, இங்கே இரண்டு இடத்துக்கும் ஒரே அசைவு. 1945இல் டெரன் எடுத்த நடனப் படத்தில் நடனக் கலைஞர் டாலி பீட்டி காட்டில் தூக்கிய காலை அறைக்குள் ஊன்றுவதும் இதுவே.

பொதுச்சொல்லாக 'அசைவொட்டு', இடம் மாறும்போது மட்டும் 'இடமாறு அசைவொட்டு' என்று பட்டியலில் சேர்க்கலாமா?