யோக்கை இழுத்தால் பேனலும் சேர்ந்து வருகிறதா? செஸ்னா காக்பிட் கூடு, உதவி தேவை

மொட்டைமாடி பைலட்:
கணினியில் விமானம் ஓட்டி விளையாட, ஹாலில் செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தின் காக்பிட் (விமானி உட்காரும் அறை) மாதிரி ஒரு கூடு கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கச் சுவர், முன் பேனல் எல்லாம் 12 எம்.எம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை). அகலம் 40 அங்குலம், அசல் கேபினும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் குறைக்க மனசு வரவில்லை. யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங், இழுத்தால் மூக்கு தூக்கும்) பேனலின் கீழ் விளிம்பில் அதன் கிளாம்பாலேயே மாட்டியிருக்கிறேன். 27 அங்குல மானிட்டர் பேனல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மேலே பறக்கும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது, ஓடுபாதைக்கு மேல் மூக்கை மெல்லத் தூக்கவேண்டிய அந்தக் கடைசி சில நொடியில்தான் தகராறு. இழுத்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் சட்டென்று மூக்கு எகிறும், நான் பதறிப்போய்த் தள்ள, விமானம் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போகும். எக்ஸ்-பிளேன் 12 என்கிற விமான சாஃப்ட்வேரில் சென்சிட்டிவிட்டியை மாற்றினேன், டெட்சோனை (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கூட்டினேன், இன்னும் மோசம். யோக்கின் உள்ளே அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் போய்விட்டதா? திறந்தால் வாரண்டி போய்விடும்.

வால்காற்று:
திறக்காதீர்கள் ப்ரோ. யோக்கைக் கழற்றி கனமான மேஜை எதிலாவது மாட்டி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். திரையில் யோக்கின் அசைவைக் காட்டும் குறி தாவாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் யோக்கில் தப்பில்லை. பிறகு கூட்டில் மாட்டி அதையே செய்யுங்கள்.

மொட்டைமாடி பைலட்:
சாப்பாட்டு மேஜையில் மாட்டினேன் (அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி). வெண்ணெய் மாதிரி நகர்கிறது. கூட்டில் மாட்டினால் குறி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது, பிறகு ஒரு தாவு. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இழுக்கும்போது பேனலின் கீழ் விளிம்பு 11 எம்.எம். என் பக்கம் வருகிறது!

பட்டறைக்காரன்:
அந்த 11 எம்.எம்.தான் உங்கள் தவளை தம்பி. யோக் தண்டில் எப்போதும் கொஞ்சம் ஒட்டல் இருக்கும். நீங்கள் இழுக்கும்போது தண்டு அசையாமல் பலகைதான் வளைகிறது. பலகையில் விசை ஏறி, ஒட்டல் விட்ட நொடியில் தண்டு ஒரேயடியாக வழுக்கி வந்துவிடும், பலகையும் பழைய இடத்துக்குத் திரும்பும். மானிட்டரும் அதே பலகையில் இருப்பதால் படமும் தலையாட்டுகிறது, அதைப் பார்த்து நீங்கள் இன்னும் அதிகமாகத் திருத்துகிறீர்கள். இதற்கு சாஃப்ட்வேரில் மருந்து கிடையாது.

பேனலை 18 எம்.எம். ப்ளைவுட்டாக மாற்றுங்கள். தடிமன் ஒன்றரை மடங்கானால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் போகும், மேலும் எம்.டி.எஃப். விளிம்பில் திருகு ஏற்றினால் பிளந்துவிடும். அதைவிட முக்கியம், யோக்குக்கு நேர் கீழிலிருந்து பெடல் பலகையின் முன்முனை வரை சாய்வாக ஒரு முட்டு கொடுங்கள். சாய்வு முன்பக்கம் போகவேண்டும், உங்கள் பக்கம் வந்தால் முழங்கால் இடிக்கும். முட்டு, பெடல், இருக்கை மூன்றும் ஒரே அடிச்சட்டத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடும். மானிட்டருக்குத் தனி ஸ்டாண்டு, கூட்டைத் தொடவே கூடாது.

இணைப்பெல்லாம் போல்ட்டும் வாஷரும்தான். ஃபெவிகால் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு அறை மாற்றவேண்டி வரும்.

வால்காற்று:
அலுமினியம் ப்ரொஃபைலில் அடிச்சட்டம் செய்தால் இந்தத் தொல்லையே இருக்காதே?

பட்டறைக்காரன்:
நல்லதுதான், காசு இருந்தால். மரக்கடையில் கிடைக்கும் ரீப்பர் கட்டையே இதற்குத் தாங்கும்.

மொட்டைமாடி பைலட்:
முட்டு மட்டும் முதலில் வைத்துப் பார்த்தேன், பேனல் இன்னும் பழைய எம்.டி.எஃப். தான். 11 எம்.எம். இப்போது 2 ஆகிவிட்டது. மானிட்டரையும் பிரித்துவிட்டேன். டெட்சோனைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நேற்று ராத்திரி ஆறு முறை இறக்கினேன், ஒன்றே ஒன்றுதான் குதித்தது, அது என் தப்பு.

அண்ணா, ஃபெவிகால் விஷயத்தில் மட்டும் தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள். பக்கச் சுவர் இரண்டையும் போன மாதமே ஒட்டிவிட்டேன். என் அறைக் கதவு 30 அங்குலம்.

பட்டறைக்காரன்:
கூட்டின் ஆழம் எவ்வளவு? 28-க்குள் இருந்தால் பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம். கதவைக் கீலோடு கழற்றினால் இன்னும் ஒரு அங்குலம் கிடைக்கும்.

மொட்டைமாடி பைலட்:
34. ஹாலிலேயே இருக்கட்டும் அண்ணா, டீப்பாயை மாடிக்கு ஏற்றிவிட்டோம்.